சத்தத்தைக் குறைத்த சாயங்காலம்

எழுபதுகளில் பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் நான் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மாந்தோப்புக் கல்யாணத்தில், பொழுது சாயும் நேரத்தில், நாலு வயசுக் குழந்தை ஒன்று காணாமல் போய்விட்டது. தோப்புக்குள் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் இருந்தன.

குழந்தையின் தாய் ஓடிவந்து மைக்கைப் பிடித்துக் கதறினாள். "இன்னும் சத்தமா வைங்க!" என்று எல்லோரும் அலறினார்கள். கூட்டினேன். ஒலிபெருக்கிக் குழாய் கரகரத்தது; ஒரு வார்த்தையும் புரியவில்லை. இன்னும் கூட்டினால் உள்ளே சுருள் எரிந்து ஊமையாகிவிடும். என்னிடம் இருந்ததே அந்த ஒரு குழாய்தான்.

சத்தத்தைக் குறைத்தேன்.

"ஏய்யா, எம்புள்ளயக் காணோம், நீ சத்தத்தக் கொறைக்கறயா?" என்று குழந்தையின் அப்பா என் சட்டையைப் பிடித்தார்.

"அம்மிணி, கத்தாதீங்க. ஊட்டுல கூப்பிடற மாதிரி கூப்பிடுங்க" என்று தாயிடம் சொன்னேன்.

"செல்வி, அம்மாகிட்ட வா சாமி."

தோப்பு முழுக்கத் தெளிவாகக் கேட்டது. பதில் இல்லை. யாரும் மூச்சுக்கூட விடவில்லை. மறுபடி கூப்பிட்டாள். தூரத்தில் சின்னதாய் ஓர் அழுகுரல் எழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், ஒரு கிணற்றுக்குப் பத்தடி தள்ளி, வழி தெரியாமல் நின்றிருந்தாள்.

சட்டையைப் பிடித்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. அந்த அழுகுரல் எழும்வரை இருந்த அமைதியை நினைத்தால்தான் இன்றைக்கும் பயமாக இருக்கிறது.