சட்டி மூடியைத் தூக்கியவர்

நாங்கள் பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கிய கடனுக்கு வாராவாரம் வசூலுக்கு வந்தவரை நான் இன்றும் மறக்கவில்லை. மடிப்புக் கலையாத சட்டை, நெற்றியில் விபூதி, வாய் நிறைய ‘அக்கா’. தவணை தாமதமானால் நேராக அடுப்படிக்குப் போய்ச் சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்ப்பார். என்ன வேகிறது என்று பார்த்தால் வீட்டில் காசு இருக்கிறதா என்று தெரிந்துவிடுமாம்.

அந்தக் கடனுக்காகப் பாலை நிறுத்தினேன், கறி எடுப்பதை நிறுத்தினேன். ஒரு வாரம் கணவருக்குக் காய்ச்சல், கூலி இல்லை. இரண்டு நாள் பொறுக்கச் சொன்னேன். அன்று பார்த்து அடுப்பில் மீன் குழம்பு. குழுப் பெண்கள் எல்லாம் வாசலில் உட்கார்ந்திருக்க, அவர் மூடியைத் தூக்கினார்.

“தவணைக்குக் காசில்லைன்னீங்க, வூட்டுல மீனு கொதிக்குதுங்களே அக்கா?”

“காசு குடுத்து வாங்கலீங்க. எந்தம்பி ஒகேனக்கல்ல பரிசல் ஓட்டறான், அவன் கொண்டாந்து குடுத்தானுங்க.”

“அப்ப அத வித்திருக்கலாமுங்களே?”

என் மகள் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். வாசலில் இருந்தவர்கள் என் கையையே பார்த்தார்கள். நான் கட்டாவிட்டால் என் தவணை அவர்கள் தலையில்தான் விழும். மூக்குத்தியைக் கழற்றி அவர்களில் ஒருத்தியிடம் அடகாகக் கொடுத்துப் பணம் வாங்கிக் கட்டினேன்.

வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: “மணம் ஆளத் தூக்குது. ஒரு துண்டு வைங்க அக்கா.”

வைத்தேன். முள்ளை என் வாசலிலேயே துப்பிவிட்டுப் போனார்.

கடன் அடைந்துவிட்டது. அவரும் வேறு ஊருக்கு மாறிப்போனார். என் காசில் வாங்கிய மீனையும் நான் இன்னும் சன்னலைச் சாத்திக்கொண்டுதான் வறுக்கிறேன்.