7700 போடக் கூசிய கை

விமானம் ஓட்டுகிற தொழிலில் மானம் போக நான்கு இலக்கம் போதும். டிரான்ஸ்பாண்டர் என்ற சின்னப் பெட்டியில் 7600 வைத்தால் ரேடியோ போய்விட்டது என்று அர்த்தம். 7700 என்றால் ஆபத்து. கீழே ராடார் பார்ப்பவர் மற்ற விமானங்களை விலக்கி வழிவிடுவார். உதவி கேட்கக் கூச்சப்படும் என்னைப் போன்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கழன்ற பிளக்

தொண்ணூறுகளின் கடைசி. கொழும்புப் பக்கம், தனியாகப் பயிற்சிப் பறப்பு. திடீரென்று காதில் சத்தமே இல்லை. 7600 வைத்தேன். மூன்று விமானங்கள் எனக்காக மேலே வட்டமிட்டுக் காத்திருந்தன. இறங்கிப் பார்த்தால், என் முழங்கால் பட்டு ஹெட்செட் பிளக் கழன்று தொங்குகிறது. பயிற்றுநர் சிங்களவர், தம்பி என்பதை மட்டும் தன் மொழியில் ‘மல்லி’ என்றுவிட்டு எனக்காகத் தமிழில் சொன்னார்: "மல்லி, கொழும்பு முழுக்க எழுப்பிட்டே, அந்த பிளக்கை மட்டும் அமுக்கல்லியே."

இரண்டு நிமிடம்

சில வருடம் கழித்து வளைகுடாவில், சிறிய பயணிகள் விமானத்தில் துணை விமானி. கேப்டன் யாழ்ப்பாணத்துக்காரர். என்னைக் கேப்டன் பதவிக்குச் சிபாரிசு செய்ய வேண்டியவரும் அவர்தான்.

இறங்கப் போகிற நேரம் வலது எஞ்சினில் எண்ணெய் அழுத்தம் விழுந்தது. உள்ளே புகை மணம். "7700 போடும், கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் சொல்லும்" என்றுவிட்டு அவர் எஞ்சினைக் கவனிக்கத் தொடங்கினார். நான் அழுத்தமானியைத் தட்டிப் பார்த்தேன். இதுவும் பிளக் கதையாகிவிட்டால்? டிரான்ஸ்பாண்டர் குமிழ் வரை போன கையைத் திரும்ப எடுத்தேன்.

இரண்டு நிமிடம் அப்படியே போயிற்று. விஷயம் தெரியாததால் கோபுரத்தார் எங்களுக்கு முன் இன்னொரு விமானத்தை ஓடுபாதையில் விட்டார்கள். இறங்க முடியாமல் புகையோடு மறுபடி ஒரு சுற்று. எல்லோரும் பிழைத்தோம், ஒரு பெண்ணை மட்டும் மயக்கத்தில் தூக்கிப் போனார்கள். சிபாரிசு வரவில்லை, நானும் கேட்கவில்லை. படியிறங்கும்போது கேப்டன் என் முகத்தைப் பாராமலே சொன்னார்: "தம்பி, உமக்கு வெக்கம் பெரிசு. பின்னுக்கு இருந்த சனத்துக்கு உயிர் பெரிசு."

ஈக்கூட்டம்

ஊர் திரும்பிய பிறகு ஒருநாள் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், என் அண்ணி கொழுந்து பறிக்கும் மலைக்குப் போயிருந்தேன். "குளவி" என்று அண்ணி போட்ட சத்தத்தில் அத்தனை பெண்களும் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள், நானும்தான். கடைசியில் பார்த்தால் வெறும் ஈ. கங்காணி திட்டித் தீர்த்தார். ஆனால் ஓடிய பெண்களில் ஒருத்தியும் சிரிக்கவில்லை.

"வெக்கமா இல்லையா அண்ணி?" என்றேன் மெதுவாக. சிந்திய கொழுந்தை அள்ளிக்கொண்டே சொன்னார்: "ஈயா குளவியான்னு பாத்துக்கிட்டு நின்னா அடுத்த நெரயில இருக்கவளுக்குல்ல கொட்டும். வெக்கத்த ஓடி முடிச்சப்பறம் பட்டுக்கலாம் தம்பி."

பயிற்சியில் மனப்பாடம் செய்தும் நான் போடாத அந்த 7700ஐ நேரத்துக்குப் போட, துணை விமானி இருக்கையிலிருந்து என்னை எழுப்பிவிட்டு அண்ணியை உட்கார வைத்திருக்க வேண்டும்.