கையெழுத்து அண்ணன்

எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் முதலில் கைகளைக் கழுவிக்கொள்கிறார். சட்டைப் பையில் நான்காக மடித்த கைக்குட்டையை எடுத்து, விரல் விரலாகத் துடைத்துக்கொள்கிறார். பிறகு பழுதான கணினியின் இடப்பக்கம் போய் நிற்கிறார். நாற்காலி போட்டாலும் உட்காருவதில்லை. வயது ஐம்பத்தேழு. ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில், மாடிப்படியை ஒட்டி, ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் மட்டுமே கொள்ளும் அறை அவருடையது. கதவில் 'கணினிப் பராமரிப்பு' என்று எழுதியிருக்கிறது. மேலே இருக்கும் பதினான்கு அலுவலகங்களும் அவரைக் 'கையெழுத்து அண்ணன்' என்றே அழைக்கின்றன.

காரணம் எளியது. அந்தக் கட்டடத்தில் கணினி சார்ந்த புகார்களில் பாதிக்கு மேல் இரண்டே வகை. மின்னஞ்சலின் அடியில் தானாக வந்து அமரவேண்டிய பெயர், பதவி, தொலைபேசி எண் கொண்ட கையொப்பம் காணாமல் போயிருக்கும். அல்லது மின்னஞ்சலுக்குள் இருக்கும் இணைப்பை அழுத்தினால் எதுவும் திறக்காது. இரண்டுக்கும் அவரையே கூப்பிடுவார்கள்.

மவுஸை அவர் தொடுவதில்லை. "நீங்களே அழுத்துங்க. நான் அழுத்தினா அது நல்ல பிள்ளை மாதிரி நடிக்கும்" என்பார். அழுத்துகிறவரின் விரலைத்தான் பார்ப்பாரே தவிரத் திரையைப் பார்ப்பதில்லை. அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றே: "கடைசியா எதை எடுத்தீங்க, எதைப் போட்டீங்க?" ஒன்றும் செய்யவில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அவரும் தலையாட்டிக்கொள்வார். இரண்டாம் மாடி வழக்கறிஞர் அப்படிச் சொன்னவர்தான். பழைய உலாவியை நீக்கியிருந்தார், மின்னஞ்சல் நிரலோ ஒவ்வொரு இணைப்பையும் அந்த இல்லாத உலாவியிடமே கொடுத்துக்கொண்டிருந்தது. "வீட்டைக் காலி பண்ணிட்டுப் போனவரோட வாசல்ல நின்னு கூப்பிட்டுட்டே இருக்கு சார், பாவம்" என்று சொல்லி, எந்த உலாவியில் திறக்கவேண்டும் என்பதை மாற்றிக் கொடுத்தார். அதே வழக்கறிஞரின் கையொப்பம் பட்டம், பதவி, எச்சரிக்கை என வளர்ந்து இருபத்திரண்டு வரிகளாகியிருந்தது. "உடம்பை விட வால் பெருசா இருக்கே சார்" என்றார். வழக்கறிஞர் சிரித்தார், இரண்டு வரிகளை மட்டும் விட்டுக்கொடுத்தார்.

வேலை முடிந்ததும் தமக்கே ஒரு சோதனை மின்னஞ்சல் அனுப்பச் சொல்வார். வெறுமே 'சோதனை' என்று எழுதக் கூடாது. கூடவே உண்மையான செய்தி ஒன்றாவது இருக்கவேண்டும். "ஒண்ணுமே சொல்லாத மெயிலை யாரும் மதிக்க மாட்டாங்க, குப்பைக்குப் போயிடும்" என்பது அவர் கட்சி. அதனால் அவருடைய அஞ்சல் பெட்டி முழுவதும் 'சோதனை. லிஃப்ட் இன்றும் ஓடவில்லை', 'சோதனை. மானேஜருக்குப் பல்வலி' என்பன போன்ற வரிகளால் நிரம்பியிருக்கிறது. எதையும் அவர் அழித்ததில்லை.

மூன்றாம் மாடியில் செவித்திறன் மருத்துவமனை. காது சரியாகக் கேளாதவர்கள் வருகிற இடமாகையால் அங்கே தொலைபேசி மணி அதிகம் ஒலிப்பதில்லை. வருகிறவர்கள் மின்னஞ்சலில் கேட்பார்கள். வரவேற்பு மேசையில் இருப்பவள் பதில் எழுதுவாள். பதிலின் அடியில் அவள் கையொப்பமும், 'முன்பதிவுக்கு இங்கே அழுத்தவும்' என்ற இணைப்பும் இருக்கும். ஆறு வாரங்களாக அந்த வழியாக ஒரு முன்பதிவுகூட வரவில்லை.

வரவேற்பாளருக்கு வயது நாற்பத்திரண்டு. கணவர் வேலை பார்த்த அச்சகம் மூடப்பட்டபின் வீட்டுக்கு வருகிற சம்பளம் அவளுடையது மட்டுமே; படிக்கிற பெண்கள் இருவர். கையெழுத்து அண்ணனை அவள் இருமுறை அழைத்திருந்தாள். இருமுறையும் அவர் வந்து, கை கழுவி, இடப்பக்கம் நின்று, சோதனை மின்னஞ்சல் அனுப்ப வைத்துப் பார்த்தார். இணைப்பு பழுதில்லாமல் திறந்தது. "எல்லாம் சரியா இருக்கும்மா" என்று மருத்துவரிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சொல் அவளுக்கு எதிராகவே திரும்பியது. "மெஷின்ல கோளாறு இல்லைன்னு அவரே சொல்லிட்டார். அப்போ நீங்க எழுதுற விதத்துலதான் ஏதோ இருக்கு. மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். இல்லைன்னா நான் வேற ஆள் பாக்கணும்" என்றார் மருத்துவர். கடுமையாகச் சொல்லவில்லை, அதுதான் அவளுக்குக் கூடுதலாக வலித்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பதிலையும் மூன்று தடவை திருத்தி, 'தயவுசெய்து'வை முன்னும் பின்னும் சேர்த்து எழுதிக்கொண்டிருந்தாள்.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கையில், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்தார். காது மந்தமாகையால் குரல் சற்று உரத்தது. "அழுத்தி அழுத்தி விரல் தேஞ்சதுதான் மிச்சம். கதவே திறக்கலை. நேர்லயே வந்துட்டேன் தாயி" என்று கைப்பேசியை மேசையில் வைத்தார். அவள் ஓட்டுநரை உட்கார வைத்துவிட்டு, கீழே ஆளனுப்பிக் கையெழுத்து அண்ணனை மூன்றாம் முறையாக வரவழைத்தாள்.

அவர் கைப்பேசியைக் கையில் வாங்கவில்லை. அந்த இணைப்பின் மேல் விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்குமாறு ஓட்டுநரிடம் சைகை காட்டினார். அதனுள்ளே ஒளிந்திருந்த முகவரி வெளியே தெரிந்தது. மருத்துவமனை இரண்டு ஆண்டுகளுக்கு முன் விட்டுவிட்ட பழைய இணையதளத்தின் முகவரி அது. இத்தனை நாளும் அந்தப் பழைய தளம் வந்தவர்களைப் புதியதற்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. ஆறு வாரங்களுக்கு முன் அது அடியோடு நின்றுபோயிருந்தது.

அண்ணன் குனிந்து அந்த முகவரியை மறுபடி படித்தார். பிறகு அவளிடம் திரும்பி, "ஏம்மா, நீங்க யாருக்காவது புதுசா மெயில் எழுதுவீங்களா, இல்லை வந்ததுக்குப் பதில் மட்டும்தானா?" என்று கேட்டார்.

"பதில்தாண்ணே. நானா யாருக்கு எழுதப் போறேன்?"

அவர் பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து அவள் பார்த்தது அதுவே முதல் தடவை.

அந்த நிரலில் கையொப்பத்துக்கு இரண்டு இடங்கள் உண்டு. புதிதாக எழுதும் மின்னஞ்சலுக்கு ஒன்று, பதிலுக்கு ஒன்று. இணையதளம் மாறியபோது முதல் இடத்தில் முகவரியை மாற்றியவர் இரண்டாவதைத் திறக்கவே இல்லை. மேலே தெரியும் சொற்கள் இரண்டிலும் ஒன்றாகவே இருந்ததால் கண்ணுக்கும் வித்தியாசம் படவில்லை. அவர் கேட்ட சோதனை மின்னஞ்சல்களோ எல்லாமே புதிதாக எழுதப்பட்டவை. மாற்றியவர் அவரேதான்.

"பழைய சைட் நின்னுபோச்சுன்னு மட்டும் சொல்லிடுங்கண்ணே. அதுவும் நிஜந்தானே" என்றாள் அவள் தணிந்த குரலில். இந்த மருத்துவர் வாயால் ஒரு வார்த்தை போனால் மற்ற மாடிகளும் வேறு ஆளைத் தேடும் என்பது அவளுக்குத் தெரியும்.

"அது நின்னதும் நிஜம், நான் பாக்காததும் நிஜம். ஒண்ணை மட்டும் சொன்னா மிச்சம் உங்க தலையிலதாம்மா விழும்" என்று எழுந்தார்.

மருத்துவரின் அறைக் கதவு திறந்தே இருந்தது. அண்ணன் உள்ளே பேசியது மேசை வரை கேட்டது.

"தப்பு என்னோடது மேடம். அந்தம்மா எழுதினதுல ஒரு குறையும் இல்லை."

"ரெண்டு தடவை பாத்துட்டு சரியா இருக்குன்னீங்களே?"

"சரியாத்தான் பாத்தேன். பாக்க வேண்டிய இடத்தை விட்டுட்டுப் பாத்தேன்."

மருத்துவர், "எத்தனை பேருக்குப் போயிருக்கு?" என்று மட்டும் கேட்டார். அறுபத்தொரு பேர். அன்று காலை முழுவதும் கையெழுத்து அண்ணன் கீழே போகவில்லை. அனுப்பப்பட்டவை இருந்த பெட்டியிலிருந்து ஒவ்வொரு பெயராக அவர் படிக்க, அவள் ஒவ்வொருவருக்கும் சரியான இணைப்புடன் மறுபடி எழுதினாள். இரண்டாம் மாடியிலிருந்து வழக்கறிஞரின் குமாஸ்தா இருமுறை வந்து அழைத்தார். "உங்க சார் கையெழுத்து எங்கேயும் ஓடிடாது. நாளைக்கு வரேன்னு சொல்லுங்க" என்று அனுப்பிவைத்தார். ஓட்டுநருக்கு அங்கேயே நேரம் குறித்துக் கொடுத்தாயிற்று. அவரோ போகாமல், ஒவ்வொரு பெயர் முடியும்போதும் ஏதோ தம் வீட்டு விசேஷம் போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மதியத்துக்குள் ஒன்பது முன்பதிவுகள் வந்தன. பத்தாவது வந்தபோது அவள் திரையைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நன்றிண்ணே" என்றாள். "என் தப்பைத் திருத்தினதுக்கு எனக்கே நன்றியா? நல்லா இருக்கே கதை" என்றார் அவர்.

மருத்துவர் அறையை விட்டு வெளியே வந்து மேசைக்குப் பின்னால் நின்றார். கடைசியாகப் போன பதில் திரையில் திறந்திருந்தது. மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வந்தவர் அடியில் நின்றார்.

"இதென்ன, 'தற்காலிக வரவேற்பாளர்'னு இருக்கு?"

"என்னைச் சேத்தப்ப நீங்க சொன்னது மேடம். மூணு மாசத்துக்குன்னு."

மருத்துவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு அந்த வரியையே பார்த்தார். "அந்த முதல் வார்த்தையை எடுத்துடுங்க" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அண்ணன் விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். புதிய மின்னஞ்சலுக்கான கையொப்பத்தைத் திறந்து அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாக அழித்தார். பிறகு பதிலுக்கான கையொப்பத்தைத் திறந்து, அங்கும் அழித்தார். அவள் பெயருக்குக் கீழே அது இருந்த காலம் பதினோரு ஆண்டுகள், நான்கு மாதங்கள்.