ஏழாவது கதவு

கல்யாணம் நிச்சயமானபோது எனக்கிருந்த ஒரே கவலை, தொடர்கதை என்ன ஆகும் என்பதுதான். சிரிக்காதீர்கள். கடலுக்கடியில் ஒரு பட்டணம், அதில் ஏழு கதவுள்ள அரண்மனை, உள்ளே தன் பெயரையே மறந்துபோன ஒரு ராணி. இரண்டு வருஷமாக வாராவாரம் வந்துகொண்டிருந்தது. நாலு கதவுதான் திறந்திருந்தது. திருவாடானையில் பத்திரிகை பஸ்ஸில் வந்து இறங்கும். நான் வாக்கப்பட்ட ஊரோ முதுகுளத்தூரையும் தாண்டி மாட்டுவண்டிப் பாதையில் இருந்தது. பஞ்சாங்கம் தவிர அங்கே அச்சடித்த காகிதம் கிடையாது.

"அழுவாதக்கா, நான் கிழிச்சுக் கிழிச்சு அனுப்புறேன்" என்றாள் தங்கை.

சொன்னபடியே அனுப்பினாள். தபால் உறையை வாங்கிய கையோடு களத்துக்குப் போய்விடுவேன். காயப்போட்ட மிளகாய்க்குக் காவல் என்று பேர். படிக்கப் படிக்க வெயில் நீலமாகும். சிவப்பாய்ப் பரந்து கிடக்கிற களம் அரண்மனை முற்றமாகிவிடும். யார் கூப்பிட்டாலும் கேட்காது. தண்ணீருக்குள் இருப்பவளுக்கு எப்படிக் கேட்கும்? சொர்க்கம், போங்கள்.

மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த ஊரில் கட்டி வந்த பெண்ணுக்குக் கடுதாசி வருவது நல்லது கெட்டதுக்கு மட்டும்தான். வாராவாரம் வந்தால், பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு எழுதுகிறாள் என்று அர்த்தம். நானோ உறையோடு ஒதுங்குகிறேன், ராணிக்காக அழுது கண் சிவந்து வருகிறேன். பாவம், மனுஷி என்னத்தைக் கண்டாள்? என் வேலை குறைந்தது, சோற்றில் நெய் கூடியது. எனக்கு அது உறைக்கவே இல்லை.

ஒருநாள் மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த மாமியார் உடைந்துவிட்டாள். "ஏத்தா, இங்கன உனக்கு என்ன கொறை? ஒன்னையக் கூட்டிட்டுப் போக எப்ப வாராக? சொல்லிப்புடு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அய்யோ அத்தை, இது கதை!"

நம்பவில்லை. படித்துக் காட்டினேன். ராணி ஐந்தாவது கதவில் கை வைக்கிற இடம். கிள்ளிய காம்போடு அத்தையின் கை அப்படியே நின்றது.

"அடி ஆத்தே! யாரு அந்த மகராசி? முந்தி என்ன நடந்துச்சு?"

முதலிலிருந்து சொல்லி முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. கடலை அவள் ஒரே தடவைதான் பார்த்திருந்தாள், இராமேஸ்வரத்தில். "அந்தத் தண்ணிக்கு அடியிலயா இம்புட்டும் கெடக்கு? தெரியாம முங்கி எந்திரிச்சு வந்துட்டேனே!" என்று அங்கலாய்த்தாள். அப்புறம் தபால்காரருக்கு மோரோடு காத்திருந்தது அவள்தான்.

ஐப்பசி மழையில் பாதை அறுத்துக்கொண்டு போய், மூன்று வாரம் தபால் இல்லை. ஏழாவது கதவுக்கு முன்னால் ராணி நின்றுகொண்டே இருந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. மழை விட்டதும், "சந்தைக்குப் போயிட்டு வாரேன்" என்று கிளம்பிய அத்தை அன்று திரும்பவில்லை. வீடே பதறித் தேடியது. மறுநாள் மத்தியானம் முழங்கால்வரை சேறோடு வந்து, மடியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து நீட்டினாள்.

"ஒங்க ஊருக்குத்தான் போனேன். படி."

மேலே தங்கையின் துண்டுச்சீட்டு இருந்தது. 'அத்தை தனியாக வந்து நிற்கவும், உனக்கு என்னமோ ஏதோ என்று அம்மா அலறிவிட்டாள். அத்தை கேட்டதெல்லாம், கதவு திறந்துச்சா என்றுதான். நான் படிக்கிறேன் என்றேன். வேண்டாம், அவளோட சேந்துதான் கேப்பேன் என்றார்கள். உன்னைப் பொங்கலுக்குப் பத்து நாள் அனுப்பச் சொல்லி அம்மா கேட்டாள். "பத்து நாளா? அவ இல்லாத வீட்டுல நான் எப்படி மதினி இருப்பேன்?" என்று கண்கலங்கிவிட்டார்கள்.'

எழுத்து மங்கியது.

"என்னத்தா அழுவுறே? ராணி செத்துட்டாளா?" என்று பதறினாள் அத்தை.

"இல்லை அத்தை, நல்லாத்தான் இருக்கா" என்றேன்.