எல்லை நடந்த கெஹ்ரு

எங்கள் தாரோல் சமஸ்தானத்தை ஒரு காலைப்பொழுதில் நடந்து கடந்துவிடலாம். இந்தக் கையகலச் சீமைக்கும் ஒரு ராணா, ஒரு வஜீர், ஒரு சிறை. துரைமார் மலையேறினால் அடுப்புக் கணக்கில் வீட்டுக்கு ஓர் ஆள் சுமை தூக்கவேண்டும், கூலி கிடையாது.

பக்கத்துக் குனாலி சமஸ்தானத்தோடு எல்லைத் தகராறு முற்றி, அளக்க ஒரு துரை வந்தார். எங்கள் வழக்கப்படி ஒருவன் கோயில் மண்ணைத் தலையில் சுமந்து எல்லையை நடந்து காட்டவேண்டும். பொய்யாக நடந்தால் அவனுக்குப் பிள்ளை தங்காது. இரு தரப்பும் கெஹ்ருவைக் கேட்டார்கள். பொய் சொல்லத் தெரியாத ஆள்.

வஜீர் அவனைத் தனியே கூப்பிட்டார். "உன் கொட்டிலைத் தாண்டி மேட்டோட நடந்துடுடா, அதுவரைக்கும் நம்ம சீமையாயிடும். யாருக்கு என்ன நஷ்டம்?"

"ரெண்டு புள்ளைய பறிகுடுத்தாச்சு எஜமான். எம் பொஞ்சாதி ரேஷ்மு வயித்துல இருக்கிறதாவது நிக்கணும்."

உள்ளபடியே நடந்தான். பழைய எல்லை அவன் முற்றத்தின் நடுவே போனது. வீடு தாரோலில், மாட்டுக்கொட்டில் குனாலியில். கொட்டிலில் குளிருக்கு மூட்டும் அடுப்பு ஒன்று இருந்தது. குனாலிக் கணக்கன் அதையும் ஓர் அடுப்பாக எழுதிக்கொண்டான், பாவி.

மூன்றாம் மாதம் பெரிய துரை ஒருவர் சுற்றுப்பயணம் வந்தார். இரண்டு சமஸ்தானமும் ஒரே நாளில் ஆள் கேட்டன. வராவிட்டால் தாரோலில் நிலம் போகும், குனாலியில் மாடு போகும். கெஹ்ரு வஜீரின் காலில் விழுந்தான்.

"எனக்கு உடம்பு ஒண்ணுதானே எஜமான்?"

"பெரிய அரிச்சந்திரனாட்டம் நடந்தியே, இப்ப ரெண்டா பொளந்துக்க!"

தாரோல் சுமைக்குக் கெஹ்ரு போனான். குனாலி சுமைக்கு நிறைமாத ரேஷ்மு போனாள். அடுத்த வீட்டிலிருந்து நானும் அன்று தாரோல் சுமைக்குப் போயிருந்தேன். இல்லாவிட்டால் அவளுக்குப் பதில் போயிருப்பேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

துரை குளிக்கும் தகரத் தொட்டியை அவள் முதுகில் கட்டினார்களாம். செங்குத்தான ஏற்றத்தில் சறுக்கி விழுந்தாள். பாதையோரத்திலேயே பிள்ளை பிறந்தது, உயிரில்லாமல். தொட்டியை வேறொருத்தி முதுகில் மாற்றிக் கட்டி மேலே அனுப்பினார்கள்.

புதைத்துவிட்டு வந்த கெஹ்ருவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"புள்ளைக்காகத்தான் நெசமா நடந்தேன். பொய்யா நடந்திருந்தா பொழச்சிருக்குமோ?" என்றான்.

"உன் மேல தப்பில்ல கெஹ்ரு."

"அப்ப யார் மேல?"

வஜீரின் ஆள் ஒருவன் வாசலில் நின்றிருந்தான். எனக்கும் நிலம் இருக்கிறது, மாடு இருக்கிறது. "எல்லாம் விதி" என்றேன்.