புஷ்பராணியைத் தூக்கக் கையுறை கொண்டுவந்தார்கள்

ஹாலிஎலவில் பஸ்ஸுக்கு நின்றபோது போன் வந்தது. லுணுகலை வீதியில் வேன் பள்ளத்தில் சரிந்து புஷ்பராணி இறந்துவிட்டாள். வயது முப்பத்தொன்று. அவளுடன் வேலை செய்தவர்களே, நீங்கள் இறுதிச் சடங்குக்கு வரவில்லை. அங்கே நடந்தது உங்களுக்குத் தெரியவேண்டும்.

ஆய்வுகூடத்தில் அவள் மேசை என் மேசைக்குப் பக்கத்தில். எச்.ஐ.வி. வைரஸின் துணைப் புரதங்களில் ஒன்றான ‘விஃப்’ பற்றியது அவளது ஆய்வு. முழு வைரஸை அவள் தொட்டதே இல்லை. அந்த ஒரு புரதத்தை மட்டும் உடற்கலங்களில், அதாவது செல்களில், உண்டாக்கி, என்ன செய்கிறதென்று பார்ப்பாள்.

போன திருவிழாவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் அவள் குடும்பம் இருக்கும் லயத்து வரிசை வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய பெரியம்மா சீண்டினார்.

“கிருமி வளக்கவா இம்புட்டுப் படிச்ச? கோழி வளத்திருக்கலாம்.”

“கோழின்னா நீங்க கொழம்பு வச்சிருவீங்களே!” என்று சிரித்துவிட்டு விளக்கினாள். “நம்ம கலத்துக்குள்ள ஒரு காவக்காரன் இருக்கான், பெரியம்மா. வைரஸ் தன்னைப் படியெடுக்கிறப்ப எழுத்தையெல்லாம் மாத்திக் கெடுத்துப்புடுவான். விஃப் அவனை அடிக்கிறதில்ல. குப்பைன்னு அடையாளம் குத்திவிட்டுரும். கலமே அவனை அரைச்சுப் போட்டுரும்.”

“நம்ம ஆளை நம்மளே?”

“ஆமாங்க.”

ஒருநாள் ஆய்வுகூடத்தில் தேநீர் வேளையில், எச்.ஐ.வி. தொற்றிய ஒருவரைப் பற்றி, “பாவம், ரத்தம் ஏத்தினப்ப வந்தது, அவர் தப்பு ஒண்ணும் செய்யல” என்றேன். புஷ்பராணி கோப்பையை வைத்துவிட்டு முறைத்தாள்.

“வேற விதமா வந்திருந்தா தொடமாட்டியா?”

நான் எழுந்து போனேன்.

விபத்தில் முகம் சிதைந்திருந்ததால் பெட்டியை மூடியே வைத்திருந்தார்கள். அது போதுமாயிருந்தது. “அந்தக் கிருமியோட வேலை செஞ்ச புள்ள, அதான் மூடிட்டாங்க” என்று லயம் முழுக்கப் பேச்சு. சாவு வீட்டில் கொடுத்த பால் சேர்க்காத பிளேன்டீ, தொற்றிவிடுமென்ற பயத்தில் யாரும் குடிக்காமல் டம்ளர்களில் அப்படியே ஆறிக் கிடந்தது. தோட்டத்து டிஸ்பென்சரிக்காரர் பெட்டி தூக்கவிருந்த நான்கு பேருக்கும் ரப்பர் கையுறை கொடுத்தார். தொட்டால் எச்.ஐ.வி. தொற்றாது என்று ஊருக்குச் சொல்லவேண்டியவர் அவர்!

“அவளுக்கு அந்த நோய் இல்ல!” என்று கத்தினேன். “அவ விபத்துல செத்தா!”

மூலையிலிருந்து அவள் அம்மா எழுந்தார். கொழுந்து பறித்து அவளைப் படிக்கவைத்தவர்.

“இருந்திருந்தா எம் புள்ளயத் தூக்க மாட்டீங்களா?”

அவர் அதைக் கூட்டத்தைப் பார்த்துத்தான் கேட்டார். எனக்குத்தான் சுட்டது. அந்த நோய் இருந்திருந்தால் கையுறை நியாயம்தான் என்பதுபோல நானல்லவா கத்தியிருந்தேன்!

அம்மா பெட்டியின் தலைமாட்டில் தோள் கொடுத்தார். நான் மறுபக்கம் போனேன். பெரியம்மா ஆறிய பிளேன்டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “தள்ளுங்கடா!” என்று கால்மாட்டுக்கு வந்தார். நால்வரில் ஒருவன் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு நான்காவது தோள் கொடுத்தான். மற்ற மூவரும் கையுறையோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவளது குறிப்பேடுகளை ஆய்வுகூடம் எடுத்துக்கொண்டது. என்னிடம் இருப்பது தேநீர் மேசையில் அவள் கேட்ட கேள்வி. இனி யார் அதைக் கேட்டாலும் எழுந்து போகமாட்டேன்.