மூன்றாவது ரோசி

ரிசார்ட்டில் எங்கள் அம்மாவுக்கு ரோசி என்று பெயர். அவள் ஆசைப்பட்டு வைத்துக்கொண்டதல்ல, வேலையோடு சேர்ந்து வந்தது. நம் பெயர்கள் வெளிநாட்டு விருந்தினர் வாயில் நுழையாது என்பதால், சாந்தன்பாறைக்கு மேலே இருந்த அந்த ரிசார்ட்டில் அறை பெருக்கும் பெண்களுக்கு ஆளுக்கொரு இங்கிலீஷ் பெயர் உண்டு. ஆள் வேலையை விட்டு நின்றாலும் பெயர் நிற்காது. சேலையில் குத்தும் பெயர் வில்லையைத் துடைத்து அடுத்து வருகிறவளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அம்மா மூன்றாவது ரோசி. இன்று கொச்சியில் ஒரு கால் சென்டரில் நானும் யாரோ ஒருத்தியின் பெயரில்தான் நாள் முழுக்க போன் எடுக்கிறேன். கோபமெல்லாம் தீர்ந்து அலுப்புதான் மிஞ்சியிருக்கிறது.

அம்மாவுக்கு முந்தைய ரோசி என் பெரியம்மா. முழங்கால் தேய்ந்து படியேற முடியாமல் போனதும், தன் இடத்தில் தங்கையைச் சேர்த்துவிட்டுக் தோட்டக்காரர்களின் வரிசை வீடுகளான கீழ் லயத்தில் ஓர் ஒற்றை அறையில் உட்கார்ந்துவிட்டாள். அவளிடம் சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்று இருந்தது. ஒரு வருடம் விருந்தாளியாக வந்த வயசான வெள்ளைக்காரத் துரைசாணி ஒருத்தி காய்ச்சலில் விழுந்தபோது, எட்டு நாள் பக்கத்திலிருந்து கஞ்சி ஊட்டியவள் பெரியம்மா. ஊருக்குக் கிளம்பும்போது துரைசாணி அவள் கையை விடாமல் அழுதாளாம். மறுபடி வந்தால் என்னைத்தான் தேடுவாள் என்று பெரியம்மா லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். கேட்டுக் கேட்டு எங்களுக்குச் சலித்துவிட்டது.

துரைசாணி வந்தாள். பள்ளி விடுமுறை என்பதால் அன்று நானும் அம்மாவோடு போயிருந்தேன். ரோசி எங்கே என்று அவள் கேட்டதும், விருந்தினர் மனம் கோணக்கூடாது, வேறெதுவும் பேசாதே என்று சொல்லி மேனேஜர் அம்மாவை அனுப்பினார். கண் மங்கிய கிழவி பெயர் வில்லையைக் கிட்டத்தில் பார்த்துப் படித்துவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பார்வை நன்றாக இருந்தாலும் நம் முகங்கள் அவர்களுக்கு ஒன்றுபோலத்தானே. அம்மா மரக்கட்டையாக நின்றாள். துரைசாணி பெட்டியிலிருந்து ஒரு சிவப்புக் கம்பளிக் கோட்டை எடுத்து அம்மா கையில் வைத்தாள். மலைக்குளிரில் கிழிந்த ஸ்வெட்டரோடு திரிந்த எனக்கு அந்த நிமிஷமே அது வேண்டும் என்றாகிவிட்டது.

சாயங்காலம் அம்மா நேரே கீழ் லயத்துக்குப் போனாள். "இது பெரியம்மாவுக்கு வந்தது. நீ வாயத் தொறக்கக் கூடாது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பெரியம்மா கோட்டைத் தொடவே இல்லை. "என்னையக் கேட்டாகளா?" என்றாள்.

"ஆமாக்கா, உன்னையத்தான்" என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள் நான் முந்திரிக்கொட்டைபோல் முந்திக்கொண்டேன்.

"இல்ல பெரியம்மா, அம்மாவத்தான் ரோசின்னு கட்டிப்பிடிச்சாக. கோட்டும் அம்மாவுக்குத்தான் குடுத்தாக."

உண்மையைச் சொன்னால் கோட்டு எங்களுக்கே ஆகிவிடும் என்று நினைத்தேன். அப்படியே ஆயிற்று. பெரியம்மா கொஞ்ச நேரம் தன் முழங்காலையே தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "எனக்கெதுக்கு, பிள்ளைக்குப் போட்டுவிடு" என்று கோட்டை என் பக்கம் தள்ளினாள். குரலில் கோபம்கூட இல்லை.

அம்மா அடிப்பாள் என்று பயந்தேன். அடிக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு மேடேறும்போது இரண்டு மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். கணுக்கால் வரை தொங்கிய கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் முன்னால் ஓடினேன். அத்தனை கதகதப்பு. பெரியம்மாவிடமிருந்து எதைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு ஓடுகிறேன் என்று தெரிகிற வயசா அது?